கடுகளவு கீறல், 19 நாள் சர்வீஸ்

திருச்சிக்காரன்:

மூன்று வருடம் சீட்டுக் கட்டி எடுத்த பணத்தில் போன வருடம் ஒரு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். லென்ஸ் இல்லாமல் பாடி மட்டுமே 2 லட்சத்துக்கு மேல். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை.

ராத்திரி வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தோம். மறுநாள் காலை மொட்டை மாடியில் வெயில் சாய்ந்து விழுந்தபோதுதான் கண்ணில் பட்டது. ஃபிளாஷ் மாட்டுகிற ஹாட் ஷூவுக்குப் பக்கத்தில், கடுகளவு இடத்தில் பெயிண்ட் இல்லை. உள்ளேயிருக்கும் மெக்னீசியம் வெள்ளியாக மின்னுகிறது. நான் எங்கேயும் இடிக்கவில்லை. கழுத்துப் பட்டையைக்கூட அதுவரை மாட்டவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். "பெட்டி பிரிச்சாச்சுன்னா எங்க கையில இல்ல சார், சர்வீஸ் சென்டருக்குப் போங்க." சர்வீஸ் சென்டரில், "மேல் கீறலெல்லாம் வாரன்டியில வராது சார்." படம் விழுகிறதல்லவா, அப்புறம் என்ன என்பதுபோல ஒரு பார்வை வேறு. நானும் விடாமல் நாலைந்து மெயில் தட்டினேன். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள்: கூலி அவர்கள் தலையில், டாப் கவர், அதாவது கேமராவின் மேல்மூடி, அதன் விலை என் தலையில். 9 ஆயிரத்துச் சொச்சம். அந்த இடத்தில் நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

டாப் கவர் என்றால் டிபன் பாக்ஸ் மூடி மாதிரி, கழற்றி வேறொன்றை மாட்டிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். அடிப்பக்க ஸ்குரூ, பின்பக்க ஸ்குரூ எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். கிரிப் ரப்பரை உரித்து அதற்கடியில் ஒளிந்திருப்பதையும் எடுக்க வேண்டும். உள்ளே ரிப்பன் கேபிள்களைக் கழற்றி, டயல், ஷட்டர் பட்டன், ஹாட் ஷூ எல்லாவற்றையும் பழைய கவரிலிருந்து புதுக் கவருக்குக் குடி மாற்ற வேண்டும். ஒரு கடுகுக்காக மொத்தக் கேமராவையும் பிரித்திருக்கிறார்கள்!

19 நாள் கழித்துக் கைக்கு வந்தது. டாப் கவர் பளிச்சென்று இருந்தது. ஆனால் கட்டைவிரல் பதிகிற இடத்தில் ரப்பர் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. அடியில் இரண்டு ஸ்குரூவின் தலை சிதைந்திருந்தது. வ்யூஃபைண்டருக்குள் முன்பு இல்லாத ஒரு தூசி. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தக் கறுப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. புதுக் கவரின் கறுப்பு ஒன்று, பாடியின் கறுப்பு வேறொன்று. டியூப் லைட்டில் தெரியாது. வெயிலில் பார்த்தால் வேட்டிக்கும் சட்டைக்கும் வேறு வேறு நீலம் போட்ட மாதிரி இருக்கும்.

திரும்பக் கொண்டுபோனதில் ரப்பரை மட்டும் சரியாக ஒட்டிக் கொடுத்தார்கள், தூசியை ஊதி எடுத்தார்கள். ஸ்குரூ? "அது முதலிலேயே அப்படித்தான் இருந்தது சார்." கறுப்பைப் பற்றிக் கேட்டதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது தனிக்கதை.

உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

கல்யாண வீட்டு ஆள்:

"முதலிலேயே அப்படித்தான் இருந்தது" என்று சொல்ல வழி எப்படிக் கிடைத்தது தெரியுமா? சர்வீஸ் சென்டரில் கேமராவை வாங்கிக்கொள்ளும்போது ஜாப் ஷீட் என்று ஒரு ரசீது கொடுத்திருப்பார்களே, அதை எடுத்துப் பாருங்கள். நிலைமை என்ற கட்டத்தில் "கீறல்கள் உள்ளன" என்று இருக்கும். புதுசோ பழசோ, பார்க்காமலேயே எழுதிவிடுகிறார்கள். நாமும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். எனக்கு ஒரு லென்ஸில் இப்படி நடந்தது. அதிலிருந்து கவுன்டரிலேயே நின்று, ஆறு பக்கமும் போனில் படம் பிடித்து, "ஹாட் ஷூ அருகில் ஒரு இடத்தில் மட்டும்" என்று எழுதச் சொல்லி, அப்புறம்தான் கையெழுத்து. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

இன்னொன்று, பெட்டி பிரிக்கும்போது வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள். சீல், சீரியல் நம்பர் இரண்டும் தெரிய வேண்டும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் பெயிண்ட் குறை தெரியும். நேர் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது.

பழைய மெக்கானிக்:

தம்பி, அந்த ஸ்குரூ விஷயம் நான் சொல்கிறேன். ஜப்பான் கேமராக்களில் இருப்பது நாம் கடையில் வாங்கும் பிலிப்ஸ் ஸ்குரூ மாதிரி தெரியும், ஆனால் அது ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தர அளவு. பிலிப்ஸ் டிரைவரைப் போட்டால் முனை அடிவரை போய் உட்காராது. கொஞ்சம் அழுத்தித் திருகினால் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். சில ஸ்குரூவில் அடையாளத்துக்கு ஒரு சின்னப் புள்ளி இருக்கும். சிதைந்த தலையைப் பார்த்தாலே கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

ரப்பர் மறுபடி தூக்கினால் தயவுசெய்து சூப்பர் க்ளூ வைக்காதீர்கள். அதன் ஆவி பக்கத்திலிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கில் வெண்படலமாகப் படிந்துவிடும். பழைய பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, மெல்லிய இரட்டைப் பக்க டேப் போதும்.

கறுப்பு விஷயத்தில் எனக்குச் சிரிப்புதான் வருகிறது, கோபிக்காதீர்கள். பழைய லைக்கா எம் கேமராக்களில் பித்தளைக்கு மேல் கறுப்பு பெயிண்ட் அடித்திருப்பார்கள். கை பட்டுப் பட்டு ஓரத்தில் மஞ்சள் தெரியும். அதற்காகவே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2015இல் பாடகர் லெனி கிராவிட்ஸோடு சேர்ந்து லைக்கா ஒரு பதிப்பே போட்டது. மொத்தம் 125தான். புது கேமராவின் பெயிண்டைக் கையால் தேய்த்துப் பழசாக்கி விற்றார்கள். நீங்கள் கடுகுக்கு 9 ஆயிரம் கொடுத்தீர்கள், அங்கே தேய்த்துக் கொடுப்பதற்குத் தனிக் காசு.

ஆனால் எல்லா உலோகமும் பித்தளை மாதிரி அழகாகத் தேயாது. 1984இல் வந்த லைக்கா எம்6க்கு மேல்மூடி துத்தநாகக் கலவை. வருடக்கணக்கில் அடியில் அரித்து, மேல்பூச்சு அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பும். 2022இல் அதே எம்6ஐத் திரும்பக் கொண்டுவந்தபோது பித்தளைக்கே போய்விட்டார்கள்.

வால்பாறைப் பறவை:

என் கேமராவுக்குச் சேதம் செய்தது கம்பெனியும் இல்லை, கடையும் இல்லை. நானேதான். அட்டை, கொசுவுக்குப் பயந்து டீட் கலந்த கொசு விரட்டியைக் கை நிறையப் பூசிக்கொண்டு இருவாச்சிப் பறவைக்காகக் காத்திருந்தேன். இரண்டு மணி நேரம் கேமராவைக் கீழே வைக்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் கிரிப்பில் என் விரல் ரேகை அச்சாகப் பதிந்திருக்கிறது! ரப்பர் பிசுபிசுவென்று இளகிவிட்டது, மெனு பட்டனில் எழுத்து பாதி போய்விட்டது. டீட் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கரைக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கிரிப் ரப்பர் மட்டும் மாற்றினேன். பட்டனை அப்படியே விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் புறங்கையில் மட்டும்தான் பூசுவது.

இருவாச்சி வந்ததா என்று கேட்காதீர்கள்.

வக்கீல் குமாஸ்தா:

திருச்சிக்காரரே, உபயோகித்தபின் விழுந்த கீறல் வேறு, பெட்டியிலேயே இருந்த குறை வேறு. இரண்டாவதற்கு வாரன்டி அட்டையைக் காட்டி மறுக்க முடியாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறைபாடு என்பதற்குள் தரத்தில் உள்ள எந்தக் குறையும் அடங்கும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதியலாம். பல இடங்களில் அதிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம். என்ன, நீங்கள் பாதிக் காசு கொடுத்து ஒத்துக்கொண்டுவிட்டீர்கள், அது கொஞ்சம் உதைக்கும். அந்த நாலு மெயிலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

ஒரு சந்தேகம். காசு கொடுத்து மாற்றியதால் பழைய டாப் கவர் உங்களுடையதுதான். கேட்டு வாங்கினீர்களா?

திருச்சிக்காரன்:

வாங்கினேன் சார். பபுள் ஷீட்டில் சுற்றிக் கொடுத்தார்கள். உங்கள் பதிலைப் படித்துவிட்டு இப்போதுதான் பீரோவிலிருந்து எடுத்தேன். மனைவியிடம் நீட்டி, "இதுக்குத்தான் அவ்வளவு அலைச்சல்" என்றேன். டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கே?" என்றாள். நானும் வாங்கிப் பார்த்தேன். போன் டார்ச்சைப் போட்டபிறகுதான் கிடைத்தது.