கழுத்துத் தீத்தழும்புக்குத் தோல் ஒட்டு ஆபரேஷன்: முன்னாடி என்ன செய்யணும்?

செந்தூரன்:
வணக்கம். தங்கைக்கு 23 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் கழுத்தில் தீக்காயம். புண் ஆறிவிட்டது, ஆனால் தழும்பு இறுகித் தாடையைக் கீழே இழுக்கிறது. அண்ணாந்து பார்க்க முடியவில்லை. தழும்பை விடுவித்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டப் போகிறார்கள். மூன்று வாரம் இருக்கிறது. ஹீமோகுளோபின் 9.2. முட்டை, மீன் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். எப்படித் தயார்ப்படுத்துவது?

வார்டு_நர்ஸ்:
தம்பி, முதல்ல அந்தப் பத்தியத்தை நிறுத்துங்க. சீழ் கிருமியால வருது, முட்டையால இல்ல. கழுத்துல ஒட்டுற இடம், தொடையில எடுக்குற இடம்னு ரெண்டு புண் ஆறணும். 50 கிலோ எடைன்னா நாளுக்கு 60–75 கிராம் புரதம் வேணும். ஒரு முட்டையில 6 கிராம்தான், மீதி மீன், கோழி, சுண்டல், பருப்பு, தயிர்ல வரணும்.

9.2-ஐ அப்படியே விடாதீங்க, தழும்பை அறுக்கும்போது ரத்தம் நிறைய போகும். இரும்பு மாத்திரையில மூணு வாரத்துல சுமார் 1 கிராம்தான் ஏறும். அதனால ரத்தக் குழாய் வழியா (டிரிப்ல) இரும்பு ஏத்தணுமான்னு இந்த வாரமே டாக்டர்கிட்ட கேளுங்க. மாத்திரையை டீ, பாலோட சேர்த்துப் போடக் கூடாது.

தலையில பேன் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா கழுத்துக் கட்டுக்குள்ள பேன் இறங்கினா அரிப்பு தாங்காம விரலை விடுவாங்க, ஒட்டு நகர்ந்துடும். பெர்மெத்ரின் 1% லோஷன் 10 நிமிஷம் வச்சு அலசணும். 7–10 நாள் கழிச்சு இன்னொரு தடவை. அதுக்குத்தான் இப்பவே ஆரம்பிக்கச் சொல்றேன்.

தொடையை வீட்டுல ஷேவ் பண்ணாதீங்க. பிளேடு கீறல்ல கிருமி சேரும். தேவைன்னா ஆஸ்பத்திரியிலயே டிரிம்மர்ல எடுப்பாங்க.

மயக்கவியல்:
இந்த ஆபரேஷனில் எனக்குப் பெரிய கவலை மூச்சுக்குழாய். கழுத்து நிமிராததால் வழக்கம்போல் வாய் வழியே குழாய் போடுவது கடினம். பெரும்பாலும் விழித்திருக்கும்போதே தொண்டையை மரக்கச் செய்து, வளையும் எண்டோஸ்கோப்பை (உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழாய்) வைத்து மூக்கு வழியே போடுவோம். இதை முன்பே விளக்கிவிட்டால் தங்கை மிரளாமல் ஒத்துழைப்பார்.

மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை: எந்த மூக்குத் துவாரம் அடைக்கிறது, வாய் எத்தனை விரல் அளவு திறக்கிறது, ஆடும் பல் உண்டா, மல்லாந்து படுத்தால் மூச்சு திணறுகிறதா. மூக்குத்தி கட்டாயம் கழற்ற வேண்டும். இறுகியிருந்தால் சில நாள் முன்பே பொற்கொல்லரிடம் போங்கள்.

திட உணவு 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். பால் கலந்த டீ, காபிக்கும் அதே 6 மணி. வெறும் தண்ணீர் 2 மணி வரை. "டீதானே" என்று குடித்ததாலேயே ஆபரேஷன் தள்ளிப்போவது உண்டு. ஆஸ்பிரின், வலி மாத்திரை, நாட்டு மருந்து எது எடுத்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிசியோ_கழுத்து:
ஒட்டிய தோல் சுருங்கும் குணமுள்ளது. கழுத்தை நிமிர்த்திப் பிடிக்கும் காலர் (கழுத்துப் பட்டை) போடாமல் விட்டால் சில மாதத்தில் தாடை மறுபடி இறங்கிவிடும். குறைந்தது 6 மாதம், பலருக்கு ஒரு வருடம், இரவும் பகலும் காலர். குளிக்க, சாப்பிட, மசாஜ் செய்ய மட்டும் கழற்றலாம். இதற்குத் தங்கை சம்மதிக்கிறாரா என்று ஆபரேஷனுக்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். வேலை, படிப்பு, கல்யாண ஏற்பாடு எல்லாம் அதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு தலையணை கிடையாது. தோளுக்கடியில் துணிச் சுருள் வைத்துக் கழுத்தை நிமிர்த்திப் படுக்க வேண்டும். முதல் இரண்டு நாள் ஒட்டுக்கு ரத்த ஓட்டம் இல்லை, அடியில் கசியும் நீரில்தான் உயிர்வாழ்கிறது. அடியில் ரத்தம் கட்டினாலோ, தோல் நகர்ந்தாலோ அந்த இடம் கருகிவிடும். பேச்சு, மெல்லுதல் இரண்டையும் குறைக்கச் சொல்வார்கள். கஞ்சி, பருப்புத் தண்ணீர், மில்க்‌ஷேக் யார் செய்து கொண்டுவருவார் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். கழுத்தைவிடத் தொடைதான் அதிகம் எரியும், அதையும் சொல்லிவையுங்கள்.

செந்தூரன்:
மிக்க நன்றி. காலரை இப்போதே வாங்கலாமா?

பிசியோ_கழுத்து:
வேண்டாம். கழுத்தின் அளவே மாறிவிடும். ஒட்டு பிடித்தபின் அளவெடுத்துச் செய்ய வேண்டும். யார் செய்து கொடுப்பார், என்ன செலவு, காப்பீட்டில் வருமா என்பதை மட்டும் இப்போது கேட்டு வையுங்கள்.