டிஸ்ரிபியூட்டர் கியர் தேயுது, உதவி தேவை

அண்ணாமார், என்ர கேஈ 70 கொரோலாவுக்கு லைட்ஏஸ் வானின்ர 5கே எஞ்சின் இறக்கி, பெரிய கேமும் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) போட்டு, ஒயில் பிரஷர் கூட வரட்டும் எண்டு பம்ப் ஸ்பிரிங்கையும் இறுக்கமானதா மாத்தினன் (ஆசை யாரை விட்டது). இப்ப டைமிங் (பிளக்கில பொறி விழுற நேரம்) வைக்க வைக்கப் பின்னுக்குப் போகுது, கழட்டிப் பாத்தா டிஸ்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சுக் குடுக்கிற சாமான்) கியர் பல்லெல்லாம் கத்தி மாதிரி, ஒயிலிலயும் இரும்புத்தூள். இது ரெண்டாவது கியர். ஒயில் பம்பும் டிஸ்ரிபியூட்டர் சாஃப்டிலதானே சுத்துது, லோட் கூடித்தான் கியரைத் தின்னுதோ எண்டு எனக்கு டவுட், சுன்னாகத்தில ஒரு மெக்கானிக் புரொன்ஸ் (வெண்கலம்) கியர் போடச் சொல்லுறார், அதுவும் கெதியாத் தேயுமெல்லோ? பழைய ஸ்பிரிங்கைத் திருப்பிப் போட்டு, மொலி பேஸ்ட் (தேய்மானம் குறைக்கிற பசை) பூசி ஓடினாக் காணுமோ, இல்லாட்டி அந்தக் கியரைச் சுத்துற கேமின்ர பல்லும் போயிட்டுதோ? சாஃப்டின்ர மேல் கீழ் ஆட்டம் எவ்வளவு இருக்கலாம்? செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ.