பில்ட் தேதி 06/12 என்றால் ஜூனா, டிசம்பரா?

வெண்ணாறு: நெல் கொள்முதல் செயலியின் பழைய பில்ட் (நிரலிலிருந்து உருவாக்கிய பதிப்பு) விவரங்களை ஒரே அட்டவணையில் சேர்க்கிறோம். மன்னார்குடியில் ஓடிய பழைய சர்வர் "06/12/2023 09:40" என்று எழுதியிருக்கிறது. புதியது "2023-12-06 04:10:00+00:00" என்கிறது. இரண்டும் ஒரே நிமிடமா, நடுவில் ஆறு மாதமா? சந்தேகமானதைக் காலியாக விட வேண்டும் என்பது என் கட்சி.

அரசலாறு: காலியாக விட்டால் எப்படி வரிசைப்படுத்துவது தம்பி? நம் ஊரில் நாள்தான் முதலில். அப்படியே படித்து, ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துவிட்டு யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் போடுங்கள். வேலை முடிந்தது.

வெண்ணாறு: நம் ஊர் வழக்கம் சர்வருக்குத் தெரியாதே அண்ணே. இடையில் சர்வர் நிரல் ஓடும் கன்டெய்னரின் லொகேல், அதாவது நாட்டு வழக்க அமைப்பு, மாறியிருக்கிறது. அமெரிக்க லொகேலில் மாதம் முதலில் வரும். தேதியைப் படித்துச் சொல்லும் பைத்தானின் டேட்யூட்டில் பார்சரிடம் 12/06/2023 கொடுத்துப் பாருங்கள், டிசம்பர் 6 என்று சொல்லும். 13/06/2023 கொடுத்தால் ஜூன் 13. பதின்மூன்றாவது மாதம் கிடையாதே, சத்தமில்லாமல் மாற்றிக்கொள்கிறது. மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-இல் போட்ட பில்ட் சம்பாவுக்குப் போய்விடும், மறுநாள் போட்டது குறுவையிலேயே நிற்கும். பிழைச் செய்தி ஒன்றும் வராது.

அரசலாறு: அதற்குத்தான், நாள்தான் முதலில் என்று பார்சரிடம் சொல்லும் டேஃபர்ஸ்ட் இருக்கிறதே.

வெண்ணாறு: அதிலும் இதே கதைதான். 06/13 வந்தால் எதிர்ப்பக்கம் மாற்றிக்கொள்ளும்.

குடமுருட்டி: நேரமே எதற்கு? கமிட் ஹேஷ் போதும், நிரலில் பதிவு செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் உள்ள அடையாளக் குறி அது. பில்ட் நேரத்தை, உருவாகும் பைனரி கோப்புக்குள் எழுதினால், அதே நிரலை மறுபடி பில்ட் செய்தாலும் இரண்டு கோப்பும் ஒத்துப்போகாது. அதனால்தான் ரீப்ரொடியூசிபிள் பில்ட்ஸ் திட்டம் சோர்ஸ்_டேட்_எபோக் என்ற மாறியைக் கொண்டுவந்தது. 1970 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடி என்று வெறும் ஓர் எண். கடைசிக் கமிட்டின் நேரத்தை அதில் கொடுத்துவிடுங்கள், சண்டையே இல்லை.

அரசலாறு: கொள்முதல் நிலையத்தில் இருப்பவர் போனில் ஹேஷையா வாசிப்பார்? 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்திய பருவத்தில், விவசாயி மூட்டையோடு வாசலில் நிற்கும்போது, டேப்லெட்டில் இருப்பது பழைய வரம்பா புதியதா என்று உடனே தெரிய வேண்டும். திரையில் "6 டிசம்பர் 2023, காலை 9.40" என்று இருந்தால்தான் சரிப்படும்.

வெண்ணாறு: திரையில் அப்படியே காட்டலாம், சேமிப்பது ஆர்எஃப்சி 3339 வடிவில், புதிய சர்வர் எழுதுவதுபோல் ஆண்டு-மாதம்-நாள் என்று. புதிய பில்ட்களுக்கு இதில் எனக்கு மறுப்பே இல்லை. குடமுருட்டி சொன்ன கமிட் பழையதற்கும் உதவும்: கமிட் ஆகஸ்டில் என்றால் பில்ட் ஜூனில் நடந்திருக்க முடியாது. அப்படிச் சாட்சி கிடைத்ததை நிரப்பலாம். சர்வர் எழுதியதைத் தனி நெடுவரிசையில் கை வைக்காமல் வைத்திருக்க வேண்டும். மீதி காலிதான்.

குடமுருட்டி: கமிட் நேரமும் எழுதியவரின் கணினிக் கடிகாரம் சொல்வதுதான். மாதக் கணக்குக்கு நம்பலாம், நிமிடக் கணக்குக்குக் கூடாது.

அரசலாறு: சரி, சாட்சி உள்ளதை நிரப்புங்கள். ஆனால் காலி வரிகளைப் பில்ட் எண் வரிசையில் அதனதன் இடத்தில் வையுங்கள். பட்டியலின் அடியில் தள்ளினால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.