புதுப்பிப்பு: அண்ணனின் உதவித்தொகை விஷயம்

நாற்காலிக்கு வயர் பின்னும் பட்டறை மூடியதும், பார்வையில்லாத என் அண்ணனுக்கு ஏதாவது உதவித்தொகை கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் ஈஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தைக் கைகாட்டினீர்கள். வேலை இழந்தவருக்கு அதில் 90 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் பாதி உண்டுதான். ஆனால் பட்டறைக்காரர்கள் நாற்காலிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, கவர்மேல் சம்பளம் என்றில்லாமல் ‘ஊக்கத்தொகை’ என்று எழுதிக் கொடுத்துவந்தார்கள். ஈஎஸ்ஐக்கான பணப் பிடித்தமும் இல்லை, ஈஎஸ்ஐ எண்ணும் இல்லை. அதனால் அந்த வழி அடைபட்டது. கண் தெரிந்தவர்களிடம் இது நடக்குமா என்ன?

சரி, அடுத்தது தமிழக அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகை. கிருஷ்ணகிரி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவருடைய பதிவைப் புதுப்பித்தே வைத்திருந்தோம், நல்லவேளை. மாற்றுத்திறனாளிக்குப் பதிவு செய்து ஓராண்டு ஆனாலே போதும். மற்றவர்களுக்கு 5 ஆண்டு. மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பும் கிடையாது. அவர்களுக்கு மாதாமாதம், பத்தாம் வகுப்பு வரை படித்திருந்தால் 600 ரூபாய், பிளஸ் டூவுக்கு 750, பட்டதாரிக்கு 1,000. அண்ணன் பிளஸ் டூ.

இப்போது எந்த வேலையிலும் இல்லை என்று காட்ட வேண்டுமே! மூடிய பட்டறையை நடத்தியவர்களிடம் கேட்டு ஒரு கடிதம் வாங்கினோம். விண்ணப்பத்தில் கையெழுத்துக் கோட்டுக்குக் கீழே ஏடிஎம் அட்டையை ஒட்டிப் பிடித்தேன். அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே அவரே கையெழுத்துப் போட்டார். கொடுத்தாகிவிட்டது. பணம் கணக்கில் ஏறியதும் சொல்கிறேன்.