கரையோரமா, அண்மைக்கடலா? ஒரு போர்க்கப்பலுக்குச் சொல் தேடி

ஆயர் தாவார் ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளிக் கண்காட்சியில், மலேசியாவின் லுமுட் கப்பல் தளத்தில் கட்டப்படும் 'மகாராஜா லேலா' போர்க்கப்பலின் மாதிரியை ஆறாம் ஆண்டு மாணவர்கள் வைக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் சிலரின் அப்பாக்கள் அங்கே வெல்டிங் வேலை செய்கிறவர்கள். இந்த வகைக் கப்பலை ஆங்கிலத்தில் 'லிட்டோரல் காம்பாட் ஷிப்' என்றும் மலாயில் 'கப்பால் தெம்பூர் பெசிசிர்' என்றும் சொல்கிறார்கள். 'கடலோரப் போர்க்கப்பல்' என்று எழுதிப் போட்டேன். கடலோரக் காவல்படைக் கப்பலா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். விளக்க அட்டைகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. உதவுங்கள்.

ஈப்போ, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, 'ஓரம்' என்பது தரையில் நிற்பவன் பார்வை. 'நெய்தற்கலம்' என்று சூட்டுங்கள். 'கலம்' பழையது என்று தயங்க வேண்டாம். சேரனின் நாவாய் ஓடிய வழியில் 'பிறகலம் செல்கலாது' என்கிறது புறநானூறு 126. கடலாட்சியை இதைவிடச் சுருங்கச் சொல்ல முடியுமா? 'வங்கம்' என்பதையும் எண்ணிப் பாருங்கள். தோணி கட்டுவோர் விலாச்சட்டத்தை 'வங்கு' என்கிறார்கள். வங்கம் அதிலிருந்தே பிறந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

கோலாலம்பூர் மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். போர்க்கப்பலுக்கு அது பொருந்துமா? மேலும், 'கப்பல்' நாம் மலாய்க்குக் கொடுத்த சொல். பிள்ளைகள் அன்றாடம் கேட்கிற சொல்லை விட்டுவிட்டுக் கலத்துக்கு ஏன் போக வேண்டும்? தூய்மை என்ற பெயரில் நம் சொல்லையே நாம் ஒதுக்குகிறோம். 'கரையோரப் போர்க்கப்பல்' போதும்.

இன்னொன்று: அமெரிக்கக் கப்பல்களும் இதே வகைப்பெயரைத் தாங்குகின்றன. அவை மணிக்கு 40 கடல் மைலுக்கு மேல் ஓடுபவை. பணிக்கேற்பக் கருவித் தொகுதிகளை மாற்றிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. நம்முடையது பிரான்சின் கோவிண்ட் வடிவமைப்பிலிருந்து வந்தது. 111 மீட்டர் நீளம், ஏறத்தாழ 3,100 டன். எந்தச் சொல்லானாலும் இரண்டுக்கும் பொருந்த வேண்டும்.

சித்தியவான், கப்பல் தளத்தில் வேலை பார்த்தவர்:

வகைப்பெயரை எப்படியும் முடிவு செய்துகொள்ளுங்கள். கட்டுமானச் சொற்களில் கவனம் வேண்டும். மரத்தோணிக்கு முதலில் 'ஏரா' இடுவார்கள். அது நீளமான ஒரே அடிமரம். இரும்புக் கப்பலில் அப்படி ஒன்று தனியாகக் கிடையாது. தகடுகளை வெட்டிப் பற்றவைத்து, வீடளவு பெரிய பிளாக்குகளாகச் செய்து, குழாய்களில் பாதியை உள்ளேயே பொருத்திவிட்டு, பிறகு ஒன்றோடொன்று சேர்க்கிறார்கள். முதல் பிளாக்கை வைப்பதையே 'ஏரா இடுதல்' எனலாம். அந்தச் சொல்லை விடாதீர்கள்.

தயவுசெய்து எல்லாவற்றுக்கும் 'வெள்ளோட்டம்' என்று எழுத வேண்டாம். மகாராஜா லேலாவுக்கு 2017 ஆகஸ்டில் பெயர்சூட்டு விழா நடந்தது. கப்பல் நீரைத் தொட்டது 2024இல்தான். முதலாவது பெயர்சூட்டல், இரண்டாவது நீரிறக்கம். தானே கடலில் ஓடிப் பார்ப்பது மட்டுமே வெள்ளோட்டம். இவற்றைக் குழப்பினால் ஏழாண்டுத் தாமதமே மறைந்துபோகும்.

ஆயர் தாவார் ஆசிரியை:

மிக்க நன்றி ஐயா, மூன்று சொற்களையும் அப்படியே அட்டையில் எழுதுகிறேன். பெயருக்கு உரியவர், 1875இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பிர்ச் கொல்லப்பட்ட நிகழ்வுக்காக 1877இல் தூக்கிலிடப்பட்ட பாசிர் சாலாக் தலைவர் என்பதும் இடம்பெறும். வகைப்பெயருக்கு 'அண்மைக்கடல் போர்க்கப்பல்' என்று வைக்கலாமா? பிள்ளைகளுக்கு 'ஆழ்கடல்' தெரியும். அதன் எதிர்ச்சொல் என்றால் உடனே பிடிபடும்.

கோலாலம்பூர் மொழிபெயர்ப்பாளர்:

கரையோரமே எளிது என்பேன். ஆனாலும் வகுப்பறை உங்களுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

சித்தியவான்:

எனக்கும் சம்மதம்.

ஈப்போ, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பெரும்பான்மை அப்படியென்றால் அச்சிடுங்கள். நான் உடன்படவில்லை. விண்கலம் என்று தயங்காமல் சொல்கிற பிள்ளைகளுக்குப் போர்க்கலம் எப்படிக் கடினமாகும்? வங்கம் பற்றிய மடல் நாளை வரும்.