அசிட்டிக் ஆசிடை உறைய வைத்துச் சுத்தம் செய்வது: வேலூர் வெயிலில் சரிவருமா?

காட்பாடி மாணவி:
எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். லேபில் ஒரு அசிட்டிக் ஆசிட் பாட்டில், திறந்து திறந்து மூடியதில் ஈரம் இழுத்துக் கிடக்கிறது. காய்ச்சி வடித்தால் கடைசித் தண்ணீர் லேசில் போகாது என்பதால் உறைய வைத்து எடுக்கப் பார்க்கிறேன். ஐஸில் வைத்தால் ரொம்ப நேரம் ஒன்றுமே ஆகாமல் இருந்து திடீரென்று முழுதும் கட்டியாகிறது, வடிகட்டலாம் என்றால் இந்த மே மாதச் சூட்டில் புனலிலேயே உருகுகிறது. என்ன செய்யலாம்?

ராணிப்பேட்டை லேப்:
வேகம்தான் பிரச்சினை, தங்கச்சி. உறைநிலைக்குக் கீழே போயும் திரவமாகவே நிற்பது சூப்பர்கூலிங், அது உடையும்போது படிகம் அவசரமாக வளர்ந்து அழுக்குத் திரவத்தையும் இடுக்கில் பூட்டிக்கொள்ளும். நேரே ஐஸ் வேண்டாம். உறைநிலைக்கு நாலைந்து டிகிரி மட்டும் குறைவான தண்ணீர்த் தொட்டியில் குடுவையை வை, தனியாக உறைந்த ஆசிடில் ஒரு துணுக்கை விதையாகப் போடு, மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இரு. முக்கால்வாசி உறைந்ததும் நிறுத்திவிடு. மிச்சத் திரவத்தில்தான் தண்ணீர் சேர்ந்திருக்கும், அதைக் கொட்டிவிட மனசு வரவேண்டும், முழுதையும் உறைய வைத்தால் எதுவுமே பிரியாது. புனலும் வேண்டாம், குடுவையைக் கவிழ்த்து வடியவிடு. அப்புறம் உருக்கித் திரும்பச் செய். தெர்மாமீட்டர்தான் சாட்சி: சுத்தமான ஆசிட் 16.6 டிகிரியில் உறையும், 1 சதவீதம் தண்ணீருக்கே சுமார் 2 டிகிரி இறங்கிவிடும்.

ஆம்பூர்க்காரன்:
அண்ணா, தோல் ஷாப்பில் வரும் 85 சதவீத பார்மிக் ஆசிடுக்கும் இது ஆகுமா?

ராணிப்பேட்டை லேப்:
சுத்தமானது 8.4 டிகிரியில் உறையும், ஆனால் அவ்வளவு தண்ணீர் இருந்தால் பூஜ்ஜியத்துக்கும் நன்றாகக் கீழே போகவேண்டும், வெறும் ஐஸ் போதாது. கொஞ்சமாக அழுக்கு இருக்கும் சரக்குக்குத்தான் இந்த முறை.

பழைய லெக்சரர்:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். அழுக்கு படிகத்துக்குள்ளேயே இடம் பிடித்தால் இந்த முறை சரியாக எடுபடாது. பென்சீனில் இருக்கும் தயோபீன் என்ற கந்தகச் சேர்மம் அப்படித்தான், அதோடு சேர்ந்தே உறையும், கந்தக அமிலத்தால் கழுவித்தான் நீக்குவார்கள். இன்னொன்று அம்மா, பென்சீன் மாதிரித் தீப்பிடிக்கும் சரக்கைச் சாதாரண ஃபிரிட்ஜில் வைக்கவே வைக்காதே, உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் பொறி ஒன்று போதும்.

காட்பாடி மாணவி:
நன்றி சார், நன்றி அண்ணா. வடித்த திரவத்தை என்ன செய்வது?

ராணிப்பேட்டை லேப்:
லேபிள் ஒட்டி வை, தண்ணீர் கலந்தாலும் பரவாயில்லாத வேலைகளுக்கு ஆகும்.