மண்டை நாய்க்கு டிஎன்ஏ டெஸ்ட்: நம்பலாமா?

தேவிபட்டினம்காரன்: ராமநாதபுரம் பக்கத்து நாட்டு இனமான மண்டை நாய் என்றுதான் குட்டி வாங்கினோம், பெரிய தலை, தொங்கும் தாடை. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்பினால் ரிப்போர்ட்டில் மாஸ்டிஃப், பாக்ஸர் என்று வருகிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

தொண்டி_தம்பி: அண்ணே, அவரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். அந்த டெஸ்ட் தன்னிடம் உள்ள இனங்களோடு மட்டும்தான் ஒப்பிடும், நம்ம ஊர் இனம் அதில் இல்லையென்றால் கிட்டத்தில் வருகிற வெளிநாட்டுப் பெயரைப் போட்டு சதவீதம் கொடுத்துவிடும். முதலில் அவர்களுடைய இனப்பட்டியலைப் பாருங்கள்.

கீழக்கரை_அக்கா: சாம்பிள் எடுக்கும்முன் சாப்பாடு வைத்தீர்களா? வேறு நாய் அதே தட்டில் நக்கியிருந்தாலும் எச்சில் கலந்துவிடும்.

தேவிபட்டினம்காரன்: வெறும் வயிற்றில்தான் எடுத்தோம் அக்கா. பட்டியலில் மண்டை இல்லை, ராஜபாளையம்கூட இல்லை.

தொண்டி_தம்பி: அப்புறம் அந்த ரிப்போர்ட்டை வைத்து விற்றவரைக் குற்றம் சொல்ல முடியாது. முடிந்தால் தாய் நாயைப் போய்ப் பாருங்கள்.